மவுண்ட் ரோட்டில் நான்கு பத்திரிகை வீடுகள்

அந்தமானுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து வங்கி வேலையோடு சம்பளமில்லாத இன்னொரு வேலையும் எனக்கு ஒட்டிக்கொண்டது. கைடு வேலை. மே மாத லீவு, டிசம்பர் லீவு வந்தால் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். சித்தப்பா பையன், தங்கமணியின் அக்கா குடும்பம், பழைய கிளை நண்பர், அந்த நண்பரின் சம்பந்தி. எல்லோருக்கும் ஒரே சுற்றுதான். முதல் நாள் செல்லுலார் சிறை, இரண்டாம் நாள் ரோஸ் தீவு, மூன்றாம் நாள் ஹேவ்லாக் படகில் ஏற்றிவிட்டால் என் கடமை முடிந்தது. (போர்ட் பிளேயர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ரோஸ் தீவு 2018 டிசம்பரிலிருந்து நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆனாலும் வாய்க்குப் பழைய பெயர்தான் வருகிறது.)

ரோஸ் தீவு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 1858-லிருந்து 1941 வரை பிரிட்டிஷ்காரன் இந்தத் தீவுகளை ஆண்டது அந்தச் சின்னத் தீவிலிருந்துதான். சர்ச், பேக்கரி, கிளப், கமிஷனர் மாளிகை எல்லாம் கட்டி வைத்திருந்தான். 1941 ஜூன் மாதப் பூகம்பமும் அடுத்த வருஷம் வந்த ஜப்பானியரும் சேர்ந்து கதையை முடித்துவிட்டார்கள். இன்று சுவர்கள் இருக்கின்றன, கூரைகள் இல்லை. சுவரை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த இடிபாடுகளில் ஒன்று பழைய அச்சகம். வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள். வேர் விழுந்த ஜன்னல் வழியாக ஒன்று, வாசலில் குடும்பத்தோடு ஒன்று.

போன தடவை வந்தவன் சித்தப்பா பையன். பதினெட்டு வருஷமாக அவனுக்கு அண்ணா சாலையில் ஆபீஸ். "எவ்ளோ பழைய பிரஸ்ஸுண்ணே! நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க இருக்கு?" என்றான்.

"உன் ஆபீஸ் இருக்கற ரோட்டுலயே இருக்கே. மெயில் பில்டிங் பார்த்ததில்லையா?"

"மெயிலா? மெயில்னா ரயில்தானேண்ணே?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 'தி மெயில்' பத்திரிகை நின்றது 1981-ல். அவன் அதற்குப் பிறகு பிறந்தவன். ஆனால் 1,350 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்து, படகுக்கு டிக்கெட் எடுத்து ஒரு இடிந்த அச்சகத்தைப் பார்த்து வியக்கிறவன், தினமும் பஸ்ஸில் தாண்டிப்போகிற அச்சகத்தைத் தலை தூக்கிப் பார்த்ததில்லை என்பது என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்காருங்கள்.

மவுண்ட் ரோட்டிலும் அதன் ஓரத்திலுமாக, நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் நான்கு பத்திரிகைகளுக்கு வீடு இருந்தது. நான்குக்கும் நான்கு விதமான விதி.

முதலாவது அந்த மெயில். 1868-ல் சார்லஸ் லாசன், ஹென்றி கார்னிஷ் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் 'மெட்ராஸ் மெயில்' என்று ஆரம்பித்தது. மாலைப் பத்திரிகை. சென்னையில் வியாபாரம் செய்த ஐரோப்பியர்களின் குரல் என்று சொல்லலாம். கடற்கரைப் பக்கம் இருந்த பத்திரிகை 1920-களில் மவுண்ட் ரோட்டுக்கு வந்து ஒரு கட்டடத்தில் குடியேறியது. பாணி இந்தோ-சாரசெனிக். ஹைகோர்ட்டையும் எழும்பூர் மியூசியத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள், அந்தக் குடும்பத்தின் கடைசிக் குழந்தைகளில் ஒன்று. நாற்பதுகளில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும் மெயிலும் சேர்ந்தே சிம்ப்சன் அனந்தராமகிருஷ்ணனின் குழுமத்துக்கு வந்தன. கடை இன்றும் புத்தகம் விற்கிறது. பத்திரிகை போய்விட்டது, கட்டடம் நிற்கிறது.

இரண்டாவது 'தி இந்து'. 1878 செப்டம்பர் 20-ல் முதல் இதழ். அச்சிட்டது 80 பிரதி. அதற்கான முதல், கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய். (ஒரு வங்கிக்காரனாகச் சொல்கிறேன், இந்த ஊரில் கொடுக்கப்பட்ட கடன்களிலேயே இவ்வளவு நன்றாக விளைந்தது வேறெதுவும் இருக்காது. ஈடு எதுவும் கேட்டதாகவும் தெரியவில்லை.) அப்போது வாரப் பத்திரிகை. அடித்தது கறுப்பர் பட்டணத்தில், தங்கசாலைத் தெருவில் இருந்த அடுத்தவர் அச்சகத்தில். 1883-ல் மவுண்ட் ரோடு 100-ஆம் எண் வீட்டுக்கு வந்தார்கள். 1889-ல் தினசரி ஆனது. 1905-ல் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். 1921-ல் ரோட்டரி மெஷின் வந்தது. 1939-ல் அதே ரோட்டில் சொந்தமாகக் கட்டிக்கொண்டு குடிபோனதுதான் இன்றிருக்கும் கஸ்தூரி பில்டிங்ஸ். மெயில் கட்டடத்துக்கும் இதற்கும் இருபது வருஷம்கூட வித்தியாசமில்லை, ஆனால் பாணியில் ஒரு யுகமே மாறியிருக்கிறது. குவிமாடம், வேலைப்பாடு என்ற ராஜா காலத்து ஆசையெல்லாம் போய் ஆர்ட் டெக்கோ வந்துவிட்டது. கான்கிரீட், நேர்க்கோடு, அவ்வளவுதான். அன்றைய சினிமா தியேட்டர்களும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தேர்ந்தெடுத்த அதே பாணி. 'நாங்கள் இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள்' என்று சொல்ல நினைத்தவர்கள் அப்படித்தான் கட்டினார்கள்.

மூன்றாவது எக்ஸ்பிரஸ் எஸ்டேட். இதில் பத்திரிகை கட்டடத்தைக் கட்டவில்லை. 1832-ல் ஆரம்பித்த மெட்ராஸ் கிளப் என்ற வெள்ளைக்காரர் கிளப்பின் இடம் அது. நீங்களும் நானும் அந்தக் காலத்தில் வாசலில் நின்று எட்டிப் பார்த்திருக்கக்கூட முடியாது. நாற்பதுகளில் ராம்நாத் கோயங்கா அதை வாங்கி, நாட்டியமாடிய ஹாலுக்குப் பக்கத்தில் மெஷினை ஓட்டினார். 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' 1932-ல் வரதராஜுலு நாயுடு தொடங்கிய பத்திரிகை. 1934-ல் 'தினமணி' அதன் தம்பியாக வந்தது. இங்கே ஒரு கிளைக் கதை, சொல்லாமல் போக மனமில்லை. 1940-ல் எக்ஸ்பிரஸ் ஆபீஸ் தீப்பிடித்து முழுக்க எரிந்துபோனது. அப்போது உதவிக்கு வந்தது போட்டிப் பத்திரிகையான இந்து. புதுக் கட்டடத்துக்குக் குடிபோய்க் காலியாக இருந்த தன் பழைய வீட்டை எக்ஸ்பிரஸுக்கு வாடகைக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு எந்தத் தொழிலிலாவது இது நடக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. 'சுதேசமித்திரன்'. ஜி.சுப்பிரமணிய ஐயர் 1882-ல் வாரப் பத்திரிகையாகத் தொடங்கி, 1899-ல் தினசரியாக்கியது. 1904-ல் பாரதியார் உதவி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த பத்திரிகை. தமிழில் பத்திரிகை படித்த நம் கொள்ளுத் தாத்தாக்களுக்கு உலகச் செய்தி என்றால் மித்திரன்தான். பிற்காலத்தில் மித்திரன் மவுண்ட் ரோட்டில் வந்து அமர்ந்தது ஒரு ஜவுளி மாளிகையில். வைட்அவே லெய்ட்லா என்ற வெள்ளைக்காரர் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் இருந்த கட்டடம். அதற்கு 'விக்டரி ஹவுஸ்' என்று பெயரானது. துரைசானிகளுக்குத் தொப்பி விற்ற இடத்தில் தமிழ் எழுத்தைக் கோத்தார்கள் என்பதே ஒரு வெற்றிதான். பத்திரிகை பிற்பாடு தள்ளாடி நின்றுபோனது. இடம் வி.ஜி.பி.க்குப் போனது. பஸ் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் வாயில் 'வி.ஜி.பி. விக்டரி ஹவுஸ்' என்ற பெயர் மட்டும் மிச்சம். எந்த வெற்றி, யாருடைய வீடு என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

எக்ஸ்பிரஸ் எஸ்டேட் என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். பழைய கிளப் கட்டடம் பாழடைந்து இடிபட்டது. 2010-ல் அங்கே எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தார்கள். போன லீவில் என் பெண் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். பக்கத்துத் தெருவின் பெயர் இன்னமும் கிளப் ஹவுஸ் ரோடு.

இப்போது கட்டடத்துக்குள் போவோம். பத்திரிகைக் கட்டடம் என்பது ஆபீஸும் இல்லை, ஃபேக்டரியும் இல்லை, இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்த விசித்திரம். எனக்கு இன்ஜினியரிங் தெரியாது, பி.காம். தான். ஆனால் எடை என்றால் என்ன என்று புரியும். ஈய எழுத்து எடை. அதை அடுக்கி வைத்த பக்கம் எடை. நியூஸ்பிரிண்ட் ரீல் எடை. ரோட்டரி மெஷின் ஓட ஆரம்பித்தால் கட்டடமே அதிரும். அதனால் மெஷின் தரையோடு, தனி அஸ்திவாரத்தில் இருந்தாக வேண்டும். ரீல் இறக்க லாரி உள்ளே வரவேண்டும். அச்சான கட்டு வேனில் ஏற உடனே தெரு வேண்டும். மேல்மாடியில் கம்போசிட்டர்கள். அவர்களுக்குக் கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், ஈயப் புகை வெளியேறக் காற்று வேண்டும், ஆகவே பெரிய ஜன்னல். செய்தி வந்து சேர்வது தந்தியில், ஆகவே தந்தி ஆபீஸுக்குத் தூரமாக இருக்கக்கூடாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டு ரயிலேறியாக வேண்டும். அன்றைக்குப் பத்திரிகைகள் நகரத்தின் நடுவில், விலை கூடின ரோட்டில் உட்கார்ந்ததற்குக் காரணம் பந்தா மட்டும் இல்லை, வேலை அப்படி.

அந்த வேலை மாறினதும் கட்டடத்தின் காரணமும் போய்விட்டது. இந்து 1963-ல் பத்திரிகைக் கட்டை ஏற்றிப்போகச் சொந்த விமானமே வைத்துக்கொண்டது. 1969-ல் பக்கத்தையே ஃபாக்ஸிமிலியில் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். 1980-ல் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பு. ஈயம் போனது, கம்போசிட்டர் போனார், மெஷின் மறைமலைநகர் பக்கம் போனது. நடு ரோட்டில் மிஞ்சினது நாற்காலியும் கம்ப்யூட்டரும். அதை எங்கே வேண்டுமானாலும் போடலாம், மவுண்ட் ரோட்டு விலையில்தான் போட வேண்டும் என்று இல்லை.

இங்கேதான் என் தொழில் குறுக்கே வருகிறது.

கணக்குப் படித்தவர்களுக்குத் தெரியும், கட்டடம் தேயும், நிலம் தேயாது. வருமான வரிக் கணக்கில் ஆபீஸ் கட்டடத்துக்கு வருஷம் 10 சதவீதம் தேய்மானம், அதுவும் மிச்ச மதிப்பின் மேல். ஒரு லட்ச ரூபாயில் கட்டின கட்டடம் 80 வருஷம் கழித்து ஏட்டில் எவ்வளவு நிற்கும் என்று கால்குலேட்டரை எடுத்துத் தட்டிப் பாருங்கள். 22 ரூபாய். ஒரு ஃபில்டர் காபிக்குக் காணாது. அதன் கீழே இருக்கும் நிலமோ கிரவுண்டுக் கணக்கில் கோடிகள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும் அவர் என்ன சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், தெற்கே ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தபோது இப்படி ஒரு ஃபைல் என் மேஜைக்கு வந்தது. ஒரு பெரியவர். அவர் தாத்தா ஒரு வாரப் பத்திரிகை நடத்தியவர். பத்திரிகை எப்போதோ நின்று, கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துக்கொண்டிருந்த அச்சகம். கட்டடத்தை ஈடு வைத்துக் கடன் கேட்டார். மதிப்பீட்டாளர் போய்ப் பார்த்து எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் நிலத்துக்கு ஒரு நல்ல தொகை. கட்டடத்துக்கு நேரே 'இல்லை'. மெஷினுக்குப் பழைய இரும்பு விலை, எடை போட்டு.

பெரியவர் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு, "சார், சுவத்துக்கு ஒண்ணும் போடலீங்களா? தேக்கு உத்தரம் சார்" என்றார்.

"ஐயா, விதிப்படி அப்படித்தாங்க வரும்" என்றேன். விதி அப்படித்தான். கடன் நிலத்தின் பேரில் கிடைத்தது, அவரும் ஒழுங்காகக் கட்டினார். நான்கு வருஷம் கழித்து அந்தப் பக்கம் போனபோது அங்கே செல்போன் கடைகள் இருந்தன. அவர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. மூன்று பேத்திகளைக் கட்டிக்கொடுக்க வேண்டிய மனிதர், தேக்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா?

ஆகவே, 'பழைய கட்டடத்தை இடித்த பாவிகள்' என்று ஃபார்வர்டு மெசேஜ் வரும்போதெல்லாம் நான் சேர்ந்து பாடுவதில்லை. உடைமையாளரைத் திட்டினால் கூரை ஒழுகுவது நிற்காது. கோர்ட்டுக்குப் போனாலும் பாதி வேலைதான் நடக்கும். மவுண்ட் ரோட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1897-ல் கட்டின பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். எல்.ஐ.சி. இடிக்கப் பார்த்தது, பாரம்பரியத்துக்காகப் போராடுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள், 2010-ல் ஹைகோர்ட் இடிக்கக்கூடாது என்றது. நீதிபதி பத்மநாபன் கமிட்டி சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியல் போட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான். நல்ல தீர்ப்பு, கை தட்டினேன். ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் பல வருஷம் அந்தக் கட்டடம் செடி முளைத்துக் கிடந்தது. புல்டோசரைத்தான் கோர்ட் தடுக்க முடியும். மழையை யார் தடுப்பது?

வழி இல்லாமல் இல்லை. பம்பாயில் 1995-லேயே விதி கொண்டுவந்தார்கள். சுருக்கமாகச் சொன்னால் இப்படி. உங்கள் மனையில் இரண்டு மடங்கு கட்ட அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடம் ஒரு மடங்குதான் எடுத்திருக்கிறது. மிச்ச ஒரு மடங்கு உரிமையை வேறு இடத்தில் கட்டுகிற பில்டருக்கு நீங்கள் விற்கலாம். பணம் உங்கள் கைக்கு வரும், கட்டடம் நிற்கும். காற்றை விற்கிற மாதிரிதான், ஆனால் சட்டப்படி. தமிழ்நாட்டிலும் 2012-ல் பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டார்கள். சட்டத்தோடு இந்தப் பணக் கணக்கும் கைகோத்து நடக்க வேண்டும் என்பது என் கட்சி. சொந்தக்காரருக்கு மாசா மாசம் பழுது பார்க்கக் காசு வரும்படி வழி செய்துவிட்டு அப்புறம் பாரம்பரியம் பேசினால் அவரும் காது கொடுப்பார்.

வெளிநாட்டிலும் பத்திரிகைகள் கட்டடத்தை விட்டுப் போயிருக்கின்றன. லண்டன் ஃப்ளீட் தெருவில் 1932-ல் கறுப்புக் கண்ணாடியால் இழைத்துக் கட்டின டெய்லி எக்ஸ்பிரஸ் கட்டடத்திலிருந்து பத்திரிகை 1989-ல் கிளம்பியது. பட்டியலில் இருந்ததால் யாரும் தொடமுடியவில்லை. பின்னால் அங்கே குடிவந்தது யார் தெரியுமா? கோல்ட்மேன் சாக்ஸ். கடைசியில் எங்கள் ஜாதிக்காரன்தான்! சிகாகோவில் டிரிப்யூன் டவரை விட்டு 2018-ல் பத்திரிகை வெளியேறியது, அடுக்குமாடி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். இவை எனக்கு முழுத் திருப்தியான முடிவுகள் இல்லை. முகப்பை வைத்துக்கொண்டு முதுகெலும்பை உருவின மாதிரி. ஆனாலும் மண்ணாகிப்போனதற்கு இது தேவலை. என்னைக் கேட்டால் ஒரு மெஷின் ஹால், ஒரு கேஸ் நிறைய ஈய எழுத்து, இந்தச் சுவருக்குள் என்ன அச்சானது என்று தமிழில் ஒரு கல்வெட்டு, இந்த மூன்றை விட்டுவைத்துவிட்டு மீதியில் ஹோட்டல் நடத்தட்டும், வங்கி நடத்தட்டும். (லாக்கர் ரூம் வைக்கப் பழைய மெஷின் ஹால் மாதிரி தோதான இடம் கிடையாது. தளம் அவ்வளவு எடை தாங்கும்.)

சரி, இதையெல்லாம் அந்தமானில் உட்கார்ந்துகொண்டு எழுத வேண்டிய அவசியம் என்ன?

இங்கே எந்தத் தனியார் பத்திரிகைக்கும் மவுண்ட் ரோட்டு மாதிரி மாளிகை இருந்ததில்லை. கப்பல் எத்தனை மணிக்கு என்று பார்க்க நாங்கள் இங்கே புரட்டுவது 'தி டெய்லி டெலிகிராம்ஸ்', நிர்வாகமே நடத்துகிற நாளிதழ். ஆனால் பத்திரிகைக்காரர்கள் குடியிருந்த கட்டடம் ஒன்று இருக்கிறது. உங்கள் எல்லோரையும் முதல் நாளே கூட்டிப்போகிறேனே, அதுதான்.

அலகாபாத்தில் 1907-ல் 'ஸ்வராஜ்யா' என்று ஒரு உருது வாரப் பத்திரிகை ஆரம்பித்தார்கள். இரண்டரை வருஷம்தான் உயிரோடு இருந்தது. அதற்குள் எட்டு ஆசிரியர்கள். ஒருவர் தலையங்கம் எழுதுவார், ஜெயிலுக்குப் போவார், அடுத்தவர் வந்து நாற்காலியில் உட்காருவார். ஆசிரியர் வேலைக்குச் சம்பளம் காய்ந்த ரொட்டி, தண்ணீர், தலையங்கத்துக்குப் பத்து வருஷம் ஜெயில் என்று விளம்பரமே போனதாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லிக் கூப்பிட்டும் ஆள் வந்தது! லதா ராம், நந்த கோபால் என்று அந்த ஆசிரியர்களில் சிலர் வந்து சேர்ந்த இடம் செல்லுலார் சிறை. வங்காளத்தில் 'யுகாந்தர்' நடத்திய பாரீந்திர கோஷும் இங்கேதான். 1910-ல் அச்சகத்துக்கு ஜாமீன் தொகை கட்டச்சொல்லும் சட்டம் வந்தது, ஸ்வராஜ்யா நின்றது. நம் பக்கத்திலும் அதே கதைதான். 1908-ல் சுப்பிரமணிய ஐயரைக் கைது செய்தார்கள். பாரதியாரின் 'இந்தியா' எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு ஓடியது. இவர்களுடைய பத்திரிகைகளுக்குக் கட்டடமே கிடையாது என்று சொல்லலாம். இன்றைக்கு ஒரு சந்து, நாளைக்கு ஒரு வாடகை அறை. ஆர்ட் டெக்கோவாவது, இந்தோ-சாரசெனிக்காவது!

செல்லுலார் சிறையையும் ஒருகாலத்தில் இடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1896-லிருந்து 1906 வரை கட்டின ஏழு பிரிவுகளில் நான்கு போய்விட்டன. பூகம்பம், ஜப்பானியர், அப்புறம் சுதந்திர இந்தியா. 1963-ல் அந்த வளாகத்தில் ஆஸ்பத்திரி வந்தது. ஊருக்கு ஆஸ்பத்திரி வேண்டும்தானே, அதில் தப்பென்ன என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். மிச்ச மூன்று பிரிவுகள் இன்று நிற்கின்றன என்றால், அதில் அடைபட்டுக் கிடந்த பழைய கைதிகள் சேர்ந்து 'இடிக்காதே' என்று குரல் கொடுத்ததால்தான். 1979 பிப்ரவரி 11-ல் மொரார்ஜி தேசாய் வந்து தேசிய நினைவுச் சின்னமாக்கினார். அந்தக் கட்டடத்தில் அழகு என்று எதுவும் கிடையாது. உள்ளே இருந்தவர்கள் பேசினார்கள், நின்றது.

மவுண்ட் ரோட்டு வீடுகளுக்கு அப்படிப் பேச யார் இருக்கிறார்கள்? கம்போசிட்டர்கள் சிதறிப்போனார்கள், பலர் காலமாகிவிட்டார்கள். ஆசிரியர்களைப் பற்றி எழுத ஆளுண்டு. மிச்சம் நாம்தான், வாசகர்கள். நமக்கும் அந்தக் கட்டடங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். என் அப்பா வாழ்க்கையில் இரண்டே தடவை ஒரு பத்திரிகை ஆபீஸுக்குள் போனார். அக்காவுக்கு வரன் விளம்பரம் கொடுக்க ஒரு தடவை. தாத்தா இறந்தபோது நீத்தார் விளம்பரம் கொடுக்க ஒரு தடவை. இரண்டாவது தடவை நானும் கூடப் போனேன். எழுத்தை எண்ணி எண்ணிக் காசு கட்ட வேண்டும். கவுண்டரில் இருந்தவர் ஃபாரத்தை வாங்கிப் படித்துவிட்டு, "சார், 'அன்னாரது' எடுத்துட்டா ஒரு வார்த்தை குறையும்" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா எடுக்கவில்லை. எத்தனை ஆயிரம் குடும்பங்களின் கல்யாணமும் சாவும் அந்தக் கவுண்டர்கள் வழியாகப் போயிருக்கும்!

துபாயிலோ சிங்கப்பூரிலோ நியூஜெர்ஸியிலோ இருக்கிற உங்களுக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது, எனக்கும் அதேதான். நம் பிள்ளைகளுக்குச் சென்னை என்றால் தாத்தா பாட்டி ஃப்ளாட், துணிக்கடை, மால், ஏர்போர்ட். ஊர் என்று காட்ட நம்மிடம் வேறு எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே ரோஸ் தீவு அச்சகத்தைக் காட்டி வெள்ளைக்காரன் காலத்து வரலாற்றை என் பெண்ணுக்குச் சொல்லிவிட்டேன். அவள் தாத்தா படித்த பத்திரிகையின் வீட்டைக் காட்ட இனிமேல்தான் கூட்டிப்போக வேண்டும்.

அடுத்த லீவில் போகிறவர்கள் இப்படிச் செய்யலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போங்கள், டிராஃபிக் இருக்காது. மெட்ரோவில் எல்.ஐ.சி. ஸ்டேஷனில் இறங்கி, ஹிக்கின்பாதம்ஸை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு, மெயில் எது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். நான்கு பேரைக் கேட்க வேண்டியிருக்கும், கேளுங்கள், கேட்டால்தான் அவர்களுக்கும் தெரியும். அப்புறம் விக்டரி ஹவுஸ் என்ற பெயரை ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். கஸ்தூரி பில்டிங்ஸ் இன்னும் பத்திரிகையின் சொந்த வீடுதான், எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். கடைசியில் பிள்ளைகளை மாலுக்கே கூட்டிப்போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற வழியில் கிளப் ஹவுஸ் ரோடு என்ற போர்டைக் காட்டி, எந்தக் கிளப், அது எங்கே போனது, நடுவில் அங்கே என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று சொல்லிக்கொண்டே போங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது, பெரியப்பாவோ மாமாவோ, அச்சுக் கோத்தவரோ மெஷின் ஓட்டினவரோ இருந்தால் அவரை உட்கார வைத்துக் கேட்டு எழுதி வையுங்கள். மெஷின் எந்தப் பக்கம் இருந்தது, நைட் ஷிஃப்டில் டீ எங்கிருந்து வந்தது, சம்பளம் எவ்வளவு. எழுபது எண்பது வயதானவர்கள். சீக்கிரம் கேளுங்கள்.